கதிர் அரண்மனையில் தூங்குகிறவர்கள்

பெண்கள் விடுதி,
17.08.2025, ஞாயிறு

அண்ணனுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் உங்களுக்குக் கை வரும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள். பதினோரு மாதமாக உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மதினியின் தம்பியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்ன அன்று, "எனக்குத் தங்கச்சியே இல்ல, எங்குட்டாச்சும் போ" என்றீர்கள். நானும் வீம்பாகக் கிளம்பி இந்த நூல் மில்லுக்கு வந்துவிட்டேன். சேரும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் பார்க்க வருகிறவர் பெயர் என்று ஒரு கட்டம். அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்திருந்தால் அவர்கள் பெயரை எழுதியிருப்பேன். நான் "யாருமில்லை" என்று எழுதினேன். உங்களை நன்றாக அடித்துவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு திருப்தி. அட்டையில் பெயர் இல்லாதவரை கேட்டுக்குள் விடமாட்டார்கள், அவரோடு வெளியே அனுப்பவும் மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அடி விழுந்தது எனக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பெண்கள் தூங்குகிறார்கள். சிரிக்காதீர்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு விடுதிக்கு வருவோம். மேலே தகரக் கூரை, சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம், நெருப்பு மாதிரி வெயில். மனுஷர் கண் மூட முடியாத இடம். ஆனால் எட்டரை மணிக்கெல்லாம் முப்பது பேரும் ஒரே நேரத்தில் சாய்ந்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை முடிக்காமல் தூங்குகிறாள். உலுக்கினாலும் எழுவதில்லை. போன வாரம் ஒருத்தியின் காலில் கட்டெறும்பு மொய்த்து ரத்தம் கட்டிப்போயிற்று. சாயங்காலம் மணி அடித்து எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரியும்.

எனக்கு மட்டும் அந்தத் தூக்கம் வரவில்லை. முப்பது பேர் நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய பஞ்சு குடோனில் செத்துப்போன ஒரு பெண்தான் வந்து படுக்கப் போடுகிறாள் என்று சிலர் சூடம் கொளுத்துகிறார்கள். எனக்குப் பேய் பயம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கே பயமாக இருக்கிறது அண்ணே.

கல்யாணத்துக்காக வேலையை விட்டுப் போகிற சத்யபிரியா இதை இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிறாள். இனி இந்த வழி இல்லை. இங்கே செல்போன் கூடாது. தபாலில் போகிற, வருகிற எல்லாவற்றையும் வார்டன் படிப்பார். அதனால் இனிமேல் பாப்பாவுக்கு அவள் அத்தை கதை எழுதுகிற மாதிரி எழுதுகிறேன். கதிர் குத்தித் தூங்கிப்போன இளவரசி கதை, நான் அவளுக்குச் சொல்வேனே, அதுதான். அரண்மனை என்றால் மில். கதிர் என்றால் மெஷினில் நூல் சுற்றுகிற ஸ்பிண்டில். இளவரசிகள் நாங்கள். அந்தக் கதையில் இளவரசன் சும்மா வந்தாலே போதும், எல்லாம் சரியாகிவிடும். இந்த இளவரசன், அவர்கள் ஏன் தூங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அது நீங்கள்தான். வேறு ஆள் எனக்கு இல்லை.

தமிழ்மதி

---

நிலக்கோட்டை,
23.08.2025

தங்கச்சி தமிழ்மதிக்கு அண்ணன் பழனிக்குமார் எழுதியது.

பதினோரு மாதமாக ஒரு கடுதாசி உண்டா உன்னிடமிருந்து? நீ எழுத மாட்டாய் என்று தெரிந்து நானே எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லாரும் சுகம். பூ வண்டி ஓடுகிறது. விடிந்ததும் மார்க்கெட்டில் மல்லியை ஏற்றி ஈரச்சாக்குப் போட்டு மூடி, திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு வருகிறேன். மதினியின் தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடிந்துவிட்டது. அந்தப் பேச்சு இனி நம் வீட்டில் இல்லை. நான் அன்றைக்குச் சொன்னதை நீ மனதில் வைத்திருப்பாய். வைத்துக்கொள். நேரில் பார்க்கும்போது திட்டு. ஆனால் பார்க்க வேண்டும்.

பாப்பா கதை கேட்டு உயிரை எடுக்கிறாள். கதிர் குத்திய இளவரசி கதைதான் வேண்டுமாம், அதையும் அத்தைதான் சொல்ல வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அனுப்பு. அதில் வரும் இளவரசன் நான்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். "பூ மூட்ட தூக்குறவருக்கு இளவரசன் வேசமா" என்று உன் மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்தால் சிரிக்கட்டும். வேஷம் கட்டியாயிற்று. ஒரு வரி விடாமல் எழுது.

அண்ணன்

---

பெண்கள் விடுதி,
31.08.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் பாப்பாவுக்கும்,

கடிதம் கண்டு அழுதேன். வார்டன் மாயம்மாள் அக்கா படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். "ஒங்க அண்ணன் பாசக்காரரா இருக்காருடி. கதையா? எழுது எழுது, நானும் படிச்சுக்கிறேன்" என்றார்கள். அதனால் இது பாப்பாவுக்கும் அக்காவுக்கும் சேர்த்து எழுதுகிற கதை.

ஒரு ஊரில் ஒரு கதிர் அரண்மனை இருந்தது. அங்கே ஆயிரம் கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும். நூல் அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் முடிச்சுப் போடுவதுதான் இளவரசிகளின் வேலை. அப்படி ஓடி ஓடியே ஒரு நாளைக்கு நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டுக்கு நடக்கிற தூரம் நடந்துவிடுவார்கள். அரண்மனையைச் சுற்றி உயரமான முள்வேலி. வாசலில் ஒரு நல்ல அம்மா காவல் இருந்தார்கள். (இந்த வரியைப் படித்து மாயம்மாள் அக்கா சிரிப்பார்கள்.)

கதிர் குத்தினால் தூங்கிப்போவார்கள் என்பது சாபம். ஆனால் பாப்பா, எந்த இளவரசியின் விரலிலும் காயமே இல்லை. குத்தாமலே தூங்கினார்கள். சூரியன் உச்சிக்கு வரும் முன்பே கூடம் முழுக்க வெட்டிப்போட்ட வாழை மாதிரி கிடந்தார்கள். ஒரே ஒரு இளவரசி மட்டும் விழித்திருந்தாள். அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்குப் பக்கத்துப் பாயில் சின்ன இளவரசி. ஆனந்தி என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயது என்று அரண்மனை ஏட்டில் இருக்கிறது, முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குப் பகல் தூக்கம் போதாமல் வேலை நேரத்திலும் தூக்கம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் சுற்றுகிற கதிர்களுக்கு முன்னால் நின்றபடியே தூங்கிச் சாய்ந்தாள். பின்னலை மெஷின் இழுத்துக்கொண்டது. விழித்திருந்தவள் ஓடிப்போய் நிறுத்தினாள். ஒரு கொத்து முடி வேரோடு போயிற்று. அப்போதும் சின்ன இளவரசி முழுதாக விழிக்கவில்லை. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, "இது யாரோடது அக்கா?" என்று கேட்டாள்.

பாப்பா பயந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் படியுங்கள்.

தமிழ்மதி

---

நிலக்கோட்டை,
06.09.2025

தங்கச்சிக்கு,

பாப்பா பயப்படவில்லை. நான்தான் இரண்டு நாள் வண்டியைச் சரியாக ஓட்டவில்லை. செம்பட்டிப் பக்கம் ஒரு பஸ்காரனிடம் வண்டை வண்டையாகத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே கதை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இளவரசன் முதலில் ஊர்க்காவல் அதிகாரியைப் பார்க்கப் போனான். எந்த அரண்மனை, உன் பெயர் என்ன என்று அவர் கேட்டார். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவர் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தான். அந்த அரண்மனை அச்சடித்துக் கொடுத்த காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லங்கய்யா, வழி தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டான். கோழை இளவரசன் என்று உன் மதினி சொல்கிறாள். அவன் பெயரைச் சொல்லியிருந்தால் அடுத்த போன் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது?

ஆகையால் அவனே கண்டுபிடிப்பது என்று முடிவு. பாப்பா சில கேள்விகள் கேட்கச் சொல்கிறாள். தினமும் தூங்குவார்களா, சில நாள் மட்டுமா? தூங்கப் போகுமுன் வரிசையாக என்னென்ன செய்வார்கள், என்னென்ன வாயில் போடுவார்கள்? விழித்திருக்கிறவள் மற்றவர்கள் செய்யும் எதைச் செய்யாமல் இருக்கிறாள்?

இன்னொன்று. அவளுக்குத் தூங்கும் இளவரசி பொம்மை ஒன்று வேண்டுமாம். அங்கே பஞ்சுக்கா பஞ்சம், தைத்து அனுப்பு. இளவரசி சாப்பிடுவதையெல்லாம் பொம்மையும் சாப்பிட்டிருக்க வேண்டுமாம். என்ன பிள்ளையோ. நான் சொல்வது உனக்குப் புரியும்.

உன்னைப் பற்றி ஒரு வரி எழுது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அண்ணன்

---

பெண்கள் விடுதி,
14.09.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

பொம்மையை இதோடு அனுப்புகிறேன். பழைய தாவணியில் தைத்தது. மாயம்மாள் அக்கா வாங்கி வயிற்றை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்கள். "என்னடி இம்புட்டுப் பஞ்ச அடைச்சிருக்க" என்றார்கள். பாப்பா கட்டிப்பிடித்துத் தூங்கத்தான் என்றேன். பிறகு அவர்களே உறையில் போட்டு ஒட்டினார்கள். பொம்மைக்கு வயிறு நிறைந்திருக்கிறது. இளவரசிகள் வாயில் போடுவதில் சின்னதாக இருப்பது எல்லாம் அதற்கும் ஊட்டியாயிற்று.

பாப்பாவின் கேள்விகளுக்குப் பதில். தினமும் தூங்குவதில்லை. இரவெல்லாம் நூல் நூற்று, பகலில் படுக்கிற நாட்களில் மட்டும்தான். தூங்கப் போகுமுன் குளிப்பார்கள். இட்லி சாப்பிடுவார்கள். பெரிய பாத்திரத்தில் இருந்து டீ வரும். சாமி படத்துக்கு முன்னால் நிற்பார்கள். அரண்மனை வைத்தியக்காரி, மெஷின் இரைச்சலில் வரும் தலைவலி போக ஆளுக்கு ஒரு வெள்ளை முத்து கொடுப்பாள். பிறகு பாய் விரிப்பார்கள்.

விழித்திருக்கிறவளுக்கு முத்து விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் நின்றுகொள்ளும், வீட்டில் வாழைப்பழத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். டீயும் குடிக்கமாட்டாள், பால் வாடை பிடிக்காது. கதை சொல்கிற எனக்கு டீயின் மேல்தான் சந்தேகம். அந்தப் பாத்திரத்தின் அடியில் வண்டல் மாதிரி ஏதோ இருக்கிறது. அதனால் விழித்திருக்கிறவள் ஒரு வேலை செய்தாள். ஆனந்தி இளவரசியை டீ குடிக்க விடாமல் நிறுத்திவிட்டாள். பாவம், டீ இல்லாமல் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கிறது, அழுகிறாள். அதற்காக விழித்திருக்கிறவள் தன் பங்கு முத்தையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறாள். இரண்டு போட்டால் வலி கேட்கிறது என்கிறாள் சின்னவள். பத்து நாளாக இப்படித்தான். விழித்திருந்தவளுக்கு அதில் ஒரு நிம்மதி. ஒருத்தியையாவது காப்பாற்றுகிறோமே என்று.

ஆனால் சின்ன இளவரசி முன்பைவிட அதிகமாகத் தூங்குகிறாள். ஏன் என்று இளவரசன்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம்.

நான் சாப்பிடுகிறேன்.

தமிழ்மதி

---

நிலக்கோட்டை,
19.09.2025

மதி,

பொம்மை நேற்று வந்தது. சுற்றி வளைக்காமல் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு அவசரம்.

இளவரசன் அந்த வெள்ளை முத்தைப் பெரிய அறிவாளி ஒருவரிடம் கொண்டுபோனான். முகமது பாரூக் என்று வைத்துக்கொள். மருந்துக் கடை வைத்திருப்பவர். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது தலைவலிக்கு உள்ளது இல்ல தம்பி. தூக்கத்துக்கு உள்ளது. டாக்டர் சீட்டு இல்லாம இத நான் குடுத்தா என் கடைய இழுத்துப் பூட்டிருவாங்க. யாரு சாப்பிடுறா?" என்றார். இளவரசிகள் என்றான். "ஒண்ணா, ரெண்டா?" என்றார். ஒருத்தி மட்டும் இரண்டு என்றான். அவர் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு ரெண்டா நாள்க்கணக்கா போனா மூச்சே கொறஞ்சு போகும்" என்றார்.

டீ வெறும் டீதான். கதிரும் குத்தவில்லை, பேயும் வரவில்லை. பகலில் அடித்துப்போட்டது போல் தூங்கினால்தான் ராத்திரி மறுபடி கதிர் சுற்ற முடியும். அதற்காக அரண்மனையே கொடுப்பது அந்த முத்து. மர்மம் அவ்வளவுதான்.

விழித்திருக்கிறவளிடம் சொல். அவள் கையால் இனி ஒரு முத்துகூட ஆனந்திக்குப் போகக் கூடாது. இன்றைக்கே. அந்தப் பெண்ணுக்கு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் பாரூக் பாய் சொன்னார்.

மதி, இது உன் குற்றம் இல்லை. முதலில் நிறுத்து. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்

---

பெண்கள் விடுதி,
24.09.2025, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. என் கைக்கு இன்றுதான் வந்தது. இதை மாயம்மாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதுகிறேன். "ஒங்க அண்ணன் கதையில வர்ற இளவரசன் ரொம்பத் துருவுறான். இதோட கதைய முடிச்சுரு. நல்லபடியா முடி" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதனால் முடிக்கிறேன்.

இளவரசனின் ஓலை கதிர் அரண்மனைக்கு இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் விழித்திருந்தவள் தன் முத்தைத் தன் கையாலேயே சின்ன இளவரசியின் வாயில் போட்டு, தண்ணீரும் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி அடித்தபோது எல்லாரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் அவளைப் படுக்க வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வாயில் கஞ்சி ஊற்றினால் விழுங்குகிறாள். செத்த நேரம் கண்ணைத் திறந்தாலும் ஆள் தெரியவில்லை. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் போயிருக்கிறது. ஆயுத பூஜைக்கு ராஜாவும் விருந்தாளிகளும் வருகிறார்களாம், அது முடிந்ததும் வைத்தியர் வருவாராம்.

அரண்மனையில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள். கதை முடிந்தது.

அக்கா இதைப் படித்தார்கள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. மடித்துப் போட உறையோடு காத்திருக்கிறார்கள். இது உங்களுக்கு வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது.

அண்ணே, என் கையாலே.

தமிழ்மதி

---

நிலக்கோட்டை,
27.09.2025

தங்கச்சிக்கு,

கதை முடிந்ததில் பாப்பாவுக்குச் சந்தோஷம். வார்டன் அம்மா சொன்னது சரிதான். இளவரசனுக்கு எதற்கு அடுத்த வீட்டு வம்பு? அவன் வாளையும் குதிரையையும் விற்றுவிட்டுப் பூ வியாபாரத்துக்குப் போய்விட்டான் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆயுத பூஜை என்றால் மெஷினுக்கெல்லாம் மாலை போட்டாக வேண்டுமே. செவ்வந்தி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடல். திண்டுக்கல் தாண்டி ஒரு மில்லுக்கு மட்டும் நாற்பது கிலோ செவ்வந்தி, வாசலுக்கு நாலு வாழைமரம். வேறு ஒருவர் எடுத்த ஆர்டர். அவர் வண்டிக்கு டயர் போய்விட்டது, அதனால் என் வண்டி போகிறது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இறக்க வேண்டும். வாழை இலைக்கட்டும் இருப்பதால் வண்டியைச் சமையல்கட்டுப் பக்கம் விடச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எல்லா மில்லிலும் மெஷினை நிறுத்திவிடுவார்கள். உனக்கும் லீவாக இருக்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டு பூஜையில் நில். பிரசாதம் கொடுக்கும் வரை நிற்க வேண்டும் என்று இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

---

நிலக்கோட்டை,
05.10.2025, ஞாயிறு

மதி,

இதை ஈஸ்வரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு பூ வண்டி ஓட்டுகிறவன், நம்பலாம். போனில் எதையும் பேச வேண்டாம் என்று வக்கீல் இளஞ்செழியன் சொல்லியிருக்கிறார். மில்காரன் என் மேல் ஆள் கடத்தல் என்று எழுதிக் கொடுத்திருப்பதால் தினமும் காலையில் இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறேன். ஆஸ்பத்திரிப் பக்கம் நான் வரக் கூடாதாம். பூஜையன்று அந்த ஆனந்திப் பிள்ளையைச் சாக்குப் படுதாவில் சுற்றிக் காலி பூக்கூடைகளுக்கு நடுவில் நான்தான் படுக்க வைத்தேன். கூட நீ ஏறினாய். என்னால் வந்து பார்க்க முடியவில்லை.

எனக்கு இன்னும் புரியாத ஒன்று இருக்கிறது. சமையல்கட்டுக்குப் பின்னால் அவள் கிடந்த அறையின் கதவை நெம்பித்தான் உடைக்க வேண்டியிருக்கும் என்று கடப்பாரை வைத்திருந்தேன். அது திறந்தே கிடந்தது. உனக்குத் தெரிந்தால் என்னிடமும் சொல்லாதே.

இப்போது நான் சொல்வதைக் கேள். நாளை மறுநாள் உன்னிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். முத்தைப் பற்றி, முப்பது பேரைப் பற்றி, பூட்டிய அறையைப் பற்றி எல்லாம் சொல். அந்த இரண்டாவது மாத்திரையை மட்டும் சொல்லாதே. உன்னையும் என்னையும் பாரூக் பாயையும் வக்கீலையும் விட்டால் அது வார்டன் அம்மாவுக்குத்தான் தெரியும், அந்த அம்மாவும் சொல்லாது என்று நம்புகிறேன். உன் பழைய கடிதங்களை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ சொன்னாயானால் மில்காரனுக்கு அது போதும். நாங்கள் கொடுத்தது ஒன்றுதான், கூட இருந்தவள் கொடுத்துக் கெடுத்தாள் என்று உன் தலையில் கட்டிவிட்டு அவன் கையைக் கழுவிவிடுவான். வக்கீலும் அதையேதான் சொல்கிறார்.

பதினோரு மாதம் உன்னைக் கேட்பாரில்லாமல் விட்டவன் நான். எனக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை. பயத்தில் சொல்கிறேன். உன்னை இன்னொரு பூட்டுக்குப் பின்னால் பார்க்க என்னால் ஆகாது. சொல்லாதே, தாயி.

அண்ணன்

---

அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
06.10.2025, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்வரன் அண்ணன் வராண்டாவில் நிற்கிறார். பதிலைக் கையோடு வாங்கிப்போக வேண்டுமாம். நேற்று ராத்திரியே உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஆரம்பத்தில் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சொல்லக் கூடாது என்றே முடிவு செய்து, அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிடவும் செய்தேன்.

கதவைப் பற்றிச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும். விடுதிக்கு வந்த உங்கள் கடைசிக் கடிதத்தைக் கொடுக்கும்போது மாயம்மாள் அக்கா, "பூக்காரன் கதையும் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். புதன்கிழமையிலிருந்து அவர்களை யாரும் பார்க்கவில்லை என்று நேற்று வந்த பெண்கள் சொன்னார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரையும் இன்னும் வெளியே விடவில்லை. இந்த வார்டில் நர்ஸ் டிரேயை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே எனக்கு வேர்க்கிறது.

ஆனந்தியின் அம்மா மூக்காயி வியாழக்கிழமையே வந்துவிட்டார். வேடசந்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டு வேலை. கையெல்லாம் வெடிப்பு. என்னைப் பார்த்த நிமிஷத்தில் காலைத் தொட வந்தார், நான் பதறி விலகினேன். நாலு நாளாக எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறார். "இந்தப் புள்ளதான் எம்புள்ளயத் தூக்கியாந்துச்சு" என்று வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். ராத்திரி நான் கண்ணசந்தால் தன் சேலையை என் மேல் போர்த்துகிறார். அதை வாங்கிக்கொண்டு நான் சும்மாதான் படுத்திருந்தேன் அண்ணே.

இன்று காலை ஏழு மணிக்கு ஆனந்தி கண்ணைத் திறந்தாள். இதற்கு முன்பும் திறந்திருக்கிறாள், ஆள் தெரியாது. இன்றைக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலே இல்லாத குரலில், "அக்கா, தலை வலிக்குது. ஒன்னோட மாத்திரை இருக்கா?" என்றாள்.

மூக்காயி அம்மா என் தோளைத் தொட்டு, "இருந்தாக் குடு தாயி. வாய் தொறந்து கேக்குதுல்ல" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டீயைச் சந்தேகப்பட்டு நிறுத்தியதை, என் பங்கையும் அவளுக்குப் போட்டதை, எத்தனை நாள், எப்படித் தண்ணீர் கொடுத்தேன் என்பதை. தெரியாமல் செய்தேன் என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு ஸ்டேஷனிலும் இதையேதான் சொல்வேன். மில்காரன் என் தலையில் கட்டினால் கட்டட்டும், என் பங்கு என் பங்குதானே. உங்களுக்குக் கோபம் வரும். வக்கீலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூக்காயி அம்மா என்னைத் திட்டவில்லை. செத்த நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். இதை எழுதுகிற இந்த நேரம் வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

தமிழ்மதி